முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கேமரா வாங்குவது பற்றி வந்த கடிதங்களில் ஆறை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறும் வடசென்னையிலிருந்து வந்தவை. எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். லென்ஸைப் பற்றிய கேள்வி கடைசி வரியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. என் பதில்களில் அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: நான் காசிமேட்டைச் சேர்ந்த கல்லூரி மாணவன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். விடியற்காலை மீன் ஏலத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பகுதி நேர வேலை பார்த்து 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கடையில் இரண்டு லென்ஸ் சேர்ந்த கேனான் 1500டி செட்டை வாங்கச் சொல்கிறார்கள். நண்பர்களோ நிகான்தான் நல்லது என்கிறார்கள். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: ஒரே விலையில் கிடைக்கும் கேனான், நிகான் பாடிகள் எடுக்கும் படங்களை அருகருகே வைத்தால், எது எதில் எடுத்தது என்று பழகிய கண்ணுக்கும் எளிதில் சொல்லத் தெரியாது. ஆகவே நண்பர்களின் அந்த வாதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, பாடியின் முன்பக்கத்தில் லென்ஸ் பூட்டுகிற உலோக வளையத்தை. அதற்கு மவுண்ட் என்று பெயர். கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987இல் வந்தது. நிகானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. ஒன்றின் லென்ஸ் மற்றொன்றில் நேராகப் பூட்டாது. பாடி ஏழெட்டு வருடத்தில் பழசாகிவிடும், ஆனால் நன்றாகப் பராமரித்த லென்ஸ் இருபது வருடம்கூட உழைக்கும் என்பதால், இன்று எந்த மவுண்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த மவுண்டுக்குள்தான் அடுத்தடுத்து வாங்கும் ஒவ்வொன்றும் வந்து சேரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பலர் சொல்வதில்லை. கேனான் இ.எஃப். லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நிகானின் பழைய ஏ.எஃப்.–டி வகை லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற ஆரம்பநிலைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000, டி7100, டி7200 ஆகியவற்றில் இருக்கிறது. என் முதல் கேமரா நிகான் டி3100. அதற்கு 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் பூட்டி, பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் அசையவே இல்லை. திரும்ப எடுத்துப் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். ஒரு வருடம் முழுவதும் கையால் ஃபோகஸ் செய்துதான் அதில் படமெடுத்தேன். ஆரம்பநிலை நிகான் வாங்குகிறவர்கள் லென்ஸின் மேல் ஏ.எஃப்.–எஸ் அல்லது ஏ.எஃப்.–பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிலும் ஏ.எஃப்.–பி லென்ஸ்கள் டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது.

இனி உங்கள் ஏலத்துக்கு வருவோம். விடியும் முன் காசிமேட்டில் இருக்கும் வெளிச்சம் கம்பத்து விளக்குகளின் வெளிச்சம்தான். ஈரத் தரையிலும் வஞ்சிரத்தின் முதுகிலும் அது பளிச்சென்று விழும்; குனிந்து கூடையைப் பார்க்கிறவரின் முகம் இருட்டிலேயே இருக்கும். பாடியோடு சேர்ந்து வரும், கிட் லென்ஸ் எனப்படும் 18–55 மி.மீ. ஜூம், அதன் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் எண் சிறியதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சத்தை அதிகம் விடும். அந்த இடத்தில், கேமராவின் ஒளி உணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200இல் வைத்தும் ஷட்டர் வேகம் நொடியில் 15இல் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் கூறுகிறவர் கையை உயர்த்தும்போது அந்தக் கை படத்தில் புகை மாதிரி கரைந்துபோகும். அதே இடத்தில் எஃப் 1.8 திறக்கும் லென்ஸ் ஒன்பதரை மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் 125இல் ஒரு பங்கைத் தாண்டிவிடும். விரல்கள் தனித்தனியாகத் தெரியும். லென்ஸில் ஐ.எஸ். இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்லலாம். ஐ.எஸ். உங்கள் கை நடுக்கத்தை மட்டும் சமாளிக்கும். எதிரில் இருப்பவர் அசைவதை அதனால் நிறுத்த முடியாது.

அதனால் இரண்டு லென்ஸ் செட் உங்களுக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அதில் இரண்டாவதாக வரும் 55–250 ஜூம், முழுக்க நீட்டினால் எஃப் 5.6தான், ஏலத்தில் அதற்கு வேலை இல்லை. 18–55 மட்டும் உள்ள செட்டை வாங்கி, மிச்சப் பணத்தில் ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் வாங்குங்கள். கேனானில் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். 160 கிராம்தான் எடை, விலையும் குறைவு. ஆனால் 1500டியில் படம் பதிவாகும் சென்சார் சிறியது என்பதால் அது, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 80 மி.மீ. காட்டும் பரப்பைத்தான் காட்டும். கூட்டத்துக்குள் நின்றுகொண்டு ஒரு முகத்தை எடுக்க அது அருமையான லென்ஸ். ஆளையும் கூடையையும் சுற்றி நிற்பவர்களையும் சேர்த்து எடுக்கப் பின்னால் நகர இடம் இருக்காது. நிகானில் 35 மி.மீ. எஃப் 1.8 டி.எக்ஸ். என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. 200 கிராம் எடை, நம் கண் இயல்பாகக் கவனிக்கும் பரப்புக்கு நெருக்கமாகக் காட்டும், டி.எக்ஸ். எனப்படும் சிறிய சென்சார் பாடிகள் எல்லாவற்றிலும் ஆட்டோ ஃபோகஸ் செய்யும். இந்த விலையில் இதற்கு இணையாகக் கேனானில் ஒன்று இல்லை. அங்கே 24 மி.மீ. எஃப் 2.8 உண்டு, அகலமாகக் காட்டும், ஆனால் வெளிச்சத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. உங்கள் ஏலம் ஒன்றை மட்டுமே வைத்து என்னைக் கேட்டால், பயன்படுத்திய நிகான் டி5600 பாடி, கூடவே இந்த 35 மி.மீ. லென்ஸ் என்றுதான் சொல்வேன். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், 1500டியும் 50 மி.மீ. லென்ஸும் சரியான தேர்வு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த 61 நாள்களில் வலை பழுதுபார்ப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாமல் நடக்கும். கேமரா பழக அதைவிட நல்ல சமயம் உங்களுக்கு வாய்க்காது. 18–55 வாங்கியிருந்தால் அதை அப்போது பயன்படுத்துங்கள். ஜூன் நடுவில் ஏலம் களைகட்டும்போது பிரைம் லென்ஸுடன் போங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் சேர்ந்திருக்கிறாள். டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிந்துவிட்டது, மிரர்லெஸ் வாங்குங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் பணம் வீணாகிவிடுமா?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அம்மா. கேனானும் நிகானும், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கான புதிய மவுண்டுகளை 2018இல் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இரண்டுமே புதிதாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். பாடியும் வெளியிடவில்லை. சோனி 2021இல் அந்த வகையையே நிறுத்திவிட்டது. பென்டாக்ஸ் மட்டும்தான் அதன் பிறகும் புதிய பாடி கொண்டுவந்தது. ஆனால் இருக்கிற கேமராக்கள் படமெடுப்பதை நிறுத்திவிடவில்லை.

டி.எஸ்.எல்.ஆர். பாடிக்குள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி எழும்பி வழிவிடுகிறது. அது அசைய இடம் வேண்டும் என்பதால் கேனானில் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ. தூரம் விட்டார்கள். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி இல்லை. ஆகவே 20 மி.மீ. போதும். மிச்சமாகும் 24 மி.மீ. இடத்தில் ஒரு அடாப்டர் வளையத்தை வைத்தால், பழைய இ.எஃப். லென்ஸ்களும் சிறிய சென்சாருக்கான இ.எஃப்.–எஸ் லென்ஸ்களும் புதிய பாடியிலும் ஆட்டோ ஃபோகஸுடன் வேலை செய்கின்றன. நிகானில் 46.5 மி.மீ. 16 ஆகக் குறைந்தது, அங்கேயும் எஃப்.டி.இசட். என்ற அடாப்டர் உண்டு. அதில் மோட்டார் இல்லாததால் ஏ.எஃப்.–டி லென்ஸ்கள் மட்டும் ஃபோகஸ் ஆகாது. இன்று மகளுக்கு வாங்கித் தரும் லென்ஸ், நாளை அவள் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் கூடவே போகும். மிரர்லெஸ்ஸுக்காகச் செய்த லென்ஸ் மட்டும் டி.எஸ்.எல்.ஆருக்குத் திரும்பி வராது.

விஸ்காம் என்பதால் வீடியோ நிறைய எடுக்க வேண்டியிருக்கும். நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸில் வைத்திருப்பதில் மிரர்லெஸ்ஸுக்கு ஈடில்லை. பணம் இடம் கொடுத்தால் அதையே வாங்குங்கள். இடம் கொடுக்கவில்லை என்றால், புதிதில் கிடைத்தால் கேனான் 200டி இரண்டாம் பதிப்பு மகளுக்கு மூன்று வருடமும் தாராளமாகப் போதும். முழு சார்ஜில் 1,070 படம் எடுக்கும் என்பது அதன் கணக்கு. வெளியூருக்குப் படமெடுக்கப் போகும்போது அந்த பேட்டரியின் அருமை தெரியும். எதுவானாலும், வாங்கும் முன் மகளிடம் ஒன்றைக் கேட்டுவரச் சொல்லுங்கள்: கல்லூரியின் உபகரண அறையில் இருக்கும் லென்ஸ்கள் எந்த மவுண்ட்? அங்கே கேனான் லென்ஸ்கள் அடுக்கியிருந்தால் கேனான் பாடி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நாம் விலை கொடுத்து வாங்க முடியாத லென்ஸ்களையெல்லாம் அவள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். பாடிகளும் லென்ஸ்களும் இப்போது குறைந்த விலைக்கு வருகின்றன. முதல் கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் உங்கள் சொந்த மெமரி கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து, மறு முனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டு எதாவது தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். லென்ஸைப் பாடியில் பூட்டி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கேனான் 3000டியில் அந்த வளையமே பிளாஸ்டிக் என்பதால், அடிக்கடி லென்ஸ் மாற்றப் போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிறகு அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் அழுக்கு இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். சுத்தம் செய்யக்கூடியதுதான், ஆனால் விலை பேச உதவும்.

அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆரம்பநிலைப் பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் படம் அளவுக்குத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நிகானில் இந்த எண் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். அதைப் படித்துச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. கேனானில் பெரும்பாலும் இருக்காது. சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்க்கலாம். கடைசியாக, பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரோ தொலைத்த கேமராவாக இருக்கலாம். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: வியாசர்பாடியில் தம்பிகளுக்குக் கால்பந்து பயிற்சி கொடுக்கிறோம். அவர்கள் விளையாடுவதைப் படமெடுக்க வேண்டும். பெரிய ஜூம் லென்ஸ் வாங்கினால் போதுமா?

பதில்: கால்பந்துக்கு மட்டும் நான் பாடியைப் பற்றி முதலில் பேசுவேன். பந்தைத் துரத்தும் பையனை விடாமல் பிடித்துக்கொள்ள ஃபோகஸ் புள்ளிகள் நிறைய வேண்டும். கேனான் 1500டியில் அவை 9. நொடிக்கு 3 படம். 2015இல் வந்த நிகான் டி7200இல் 51 புள்ளிகள், நொடிக்கு 6 படம்; 2016இல் வந்த கேனான் 80டியில் 45 புள்ளிகள், நொடிக்கு 7 படம். இவை இரண்டும் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கின்றன. புதிய ஆரம்பநிலைப் பாடியைவிட இவற்றில் ஒன்று உங்கள் வேலைக்குப் பல மடங்கு மேல்.

ஜூமைப் பொறுத்தவரை, கேனானில் 55–250 எஸ்.டி.எம்., நிகானில் 70–300 வாங்குங்கள். ஆனால் அவை வெயில் உள்ள நேரத்துக்கு. ஓடுகிற காலை உறைய வைக்க ஷட்டர் குறைந்தது 500இல் ஒரு பங்கு வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் மைதானத்தில் வெளிச்சம் சாயச் சாய, எஃப் 5.6 அல்லது 6.3இல் அந்த வேகம் கிடைக்காது. அப்போது 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பூட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்காருங்கள். மைதானத்தின் மறுபாதியை விட்டுவிடுங்கள். ஆட்டம் உங்களை நோக்கி வரும்போது மட்டும் எடுங்கள். தரையோடு தரையாகக் கேமராவைத் தாழ்த்தினால், பத்து வயதுப் பையன்கூட படத்தில் ஓங்கி நிற்பான். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவன் கையில் கொடுங்கள்.

கேள்வி: ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் உள்ள பழைய கட்டடங்களை எடுக்க ஆசை. 10–18 மி.மீ. போன்ற, அகலமாகக் காட்டும் வைடு லென்ஸ் அவசியமா?

பதில்: இப்போது தேவையில்லை. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பைத் தெருவிலிருந்தே கிட் லென்ஸின் 18 மி.மீ.இல் முழுமையாக எடுக்க முயன்று பாருங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் பின்னால் சாய்வது போல விழும்; மட்டமாகப் பிடித்து, தள்ளி நின்று எடுத்தால் நேராக நிற்கும். வைடு லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் உறுதியான ஒரு டிரைபாட் வாங்குங்கள். நிலையத்தின் உள்ளே எடுப்பதாக இருந்தால் ரயில்வேயிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பவழக்காரத் தெரு போன்ற குறுகலான தெருக்களுக்குள் போனபின், பின்னால் நகர இடமே இல்லை என்ற நிலை அடிக்கடி வந்தால், அப்போது 10–18ஐப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எண்ணூரில் கடலுக்கு மிக அருகில் குடியிருக்கிறோம். குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரைகளை எடுப்பேன். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் ஒரு மழைக்காலத்தில் பீரோவுக்குள் பையோடு வைத்திருந்த ஜூம் லென்ஸ் இப்படிப் போனது. துணிப் பையும் தோல் உறையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு வேண்டிய இருட்டும் அங்கேயே இருக்கிறது. வந்துவிட்ட பூஞ்சையை, லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் உடனே கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நாள் தள்ளினால் அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

கடலோரத்திலும் படகிலும் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். லென்ஸின் முன்னால் பூட்டும் யு.வி. ஃபில்டர் வேண்டாம் என்பார்கள் பலர். உப்புத் தெறிக்கும் இடத்தில் நான் அதைப் போட்டே வைப்பேன், ஏனென்றால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுவது ஃபில்டரோடு போகும். வீட்டுக்கு வந்ததும் பாடியை, பிழிந்தெடுத்த ஈரத் துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடையுங்கள். உப்பு காய்ந்து பட்டன் இடுக்கில் இறங்கிய பிறகு எடுப்பது கடினம்.

வைப்பதற்கு மின்சார டிரை கேபினெட் இருந்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால், இறுக மூடும் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் இவை போதும். மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள். அதன் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் ஏறினால் பச்சையாக மாறும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி மிதமாகச் சூடாக்கினால் மறுபடியும் ஆரஞ்சு ஆகிவிடும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.